கால்வாய் வயலும் மானாவாரிக் குளமும்: குள்ள வெட்டுக்கிளிகளின் பருவ நிறம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி வட்டாரத்தில் நன்செய் வைத்திருப்பவர்கள் வரப்பில் நடக்கும்போது காலடியில் தெறித்து ஓடும் ஒரு சின்னஞ்சிறு பூச்சியைக் கவனித்திருப்பார்கள். அரை அங்குலத்தைத் தாண்டாது. மண்கட்டி ஒன்று எகிறிக் குதித்து மறுபடி மண்ணிலேயே காணாமல் போய்விட்டதாகத்தான் தோன்றும். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நெல் போடும் ஒரு அண்ணாச்சி என்னிடம் சொன்னது இது: "தண்ணி திறந்து விட்டா இது கறுத்துரும் தம்பி. வயல் காஞ்சா சாம்பலாயிரும்லா. வருசா வருசம் பாக்கேன்."

அவர் பார்த்தது உண்மை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஜூனில் கால்வாயில் தண்ணீர் வந்த பிறகு வரப்பில் குனிந்து தேடினால் கண்ணில் படுவது பெரும்பாலும் கறுப்பும் அடர் பழுப்பும்தான். அறுவடை முடிந்து தாள் காய்ந்து கிடக்கும் வயலோரத்தில் தேடினால் சாம்பலும் வைக்கோல் நிறமும் அதிகம். ஆனால் "கறுத்துரும்" என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று தனித்தனிச் செய்திகள் அடங்கியிருக்கின்றன. ஒரே பூச்சி தன் நிறத்தை மாற்றிக்கொள்கிறதா? அல்லது கறுப்புப் பூச்சிகள் பிழைத்துச் சாம்பல் பூச்சிகள் இரையாகி, தலைமுறை மாறும்போது கூட்டத்தின் நிறம் மாறுகிறதா? அல்லது பூச்சிகள் எல்லாம் அப்படியே இருக்க, நாம் அவற்றைப் பார்க்கிற இடம்தான் மாறுகிறதா? இந்த மூன்றையும் பிரித்துப் பார்ப்பதற்குத் திருநெல்வேலிச் சீமையைப் போல வசதியான ஊர் வேறு எங்கும் இருக்குமா என்று தெரியவில்லை. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

பூச்சி எது

இவைதான் குள்ள வெட்டுக்கிளிகள், டெட்ரிஜிடே என்ற பூச்சிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. உலகம் முழுவதும் ஏறத்தாழ 2000 இனங்கள் விவரிக்கப்பட்டிருக்கின்றன. சாதாரண வெட்டுக்கிளியைப் பிடித்துப் பார்த்தால் கழுத்துக்குப் பின்னால் சேணம் வைத்தாற்போல ஒரு தகடு இருக்கும், அதுதான் முன்மார்புத் தகடு. குள்ள வெட்டுக்கிளிக்கு அந்தத் தகடு பின்பக்கம் நீண்டு வயிற்றையே மூடியிருக்கும். சிலவற்றில் வயிற்றையும் தாண்டி ஊசி முனையாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முன்சிறகு வெறும் செதில் அளவுக்குச் சுருங்கிப் பக்கவாட்டில் ஒட்டிக் கிடக்கும். பறக்கிற பின்சிறகு இருந்தால் அது தகட்டுக்கு அடியில் மடிந்திருக்கும். கால் நகங்களுக்கு இடையே மற்ற வெட்டுக்கிளிகளுக்கு உள்ள மெத்தை இதற்குக் கிடையாது. சத்தம் எழுப்பும் அமைப்பும் இல்லை, கேட்கும் செவிப்பறையும் இல்லை. தகட்டின் மேற்பரப்பு சொரசொரப்பாக, மேடும் பள்ளமுமாக இருக்கும். இந்த ஆய்வுக்கு அந்தச் சொரசொரப்பு மிக முக்கியம்.

சாப்பாடு பாசி, பூஞ்சணம் ஒட்டிய மக்கல், ஈர மண்ணில் படரும் பச்சைப்படலம், நுண்ணிய செடித் துணுக்கு. நெல்லைக் கடிக்கிற வெட்டுக்கிளிகள் வேறு. ஆக்ஸியா, ஹீரோகிளைஃபஸ் போன்றவை அந்தக் கூட்டம். வரப்பில் துள்ளுகிற எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சேர்த்து மருந்தடிப்பவர்கள் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. குள்ள வெட்டுக்கிளியால் பயிருக்குக் குறிப்பிடும்படியான சேதம் கிடையாது.

தென்னிந்தியாவில் இவற்றைப் பற்றிய பதிவு பழையது. திருச்சி புனித வளனார் கல்லூரியில் சேர்க்கப்பட்ட வெட்டுக்கிளி வகைகளை ஸ்பெயின் நாட்டுப் பூச்சியியலாளர் இக்னாசியோ பொலிவார் ஆராய்ந்து, 1897 தொடங்கி 1902 வரை கட்டுரைகளாக வெளியிட்டார். அவரே 1887இல் இந்தக் குடும்பத்துக்கென்று தனி நூலும் எழுதியவர். நெல் வயல்களில் நாம் காண்பவை பெரும்பாலும் எர்காடெட்டிக்ஸ், யூபாராடெட்டிக்ஸ், ஹெடோடெட்டிக்ஸ் பேரினங்களைச் சேர்ந்தவை. களத்தில் வெறும் கண்ணால் இனம் பிரிப்பது கடினம். ஒரே இனத்துக்குள் தகடு நீண்டவையும் குட்டையானவையும் இருக்கும். நிறமோ ஆளுக்கு ஒன்று. அதனால் இங்கே நான் இனப்பெயர் சொல்லி எதையும் நிறுவப் போவதில்லை. வயலிலும் குளத்திலும் உள்ள கூட்டத்தை மொத்தமாக எடுத்துக்கொண்டு, நிறத்தையும் இடத்தையும் மட்டும் பார்க்கிறேன்.

ஏன் இந்த ஊர்

தாமிரபரணிப் பாசனம் வானத்தை நேரடியாக நம்பியதல்ல. ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை பொதிகை மலையில் கொட்டும். சமவெளி மழை மறைவுப் பகுதி. அங்கே சாரல் எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். ஆனாலும் பாபநாசம் அணையில் தண்ணீர் சேர்ந்து, கார் சாகுபடிக்குக் கால்வாய்கள் திறக்கப்பட்டுவிடும். ஆகவே ஆனி, ஆடியில் கன்னடியன் கால்வாயிலும் கோடகன் கால்வாயிலும் பாளையங்கால்வாயிலும் தண்ணீர் ஓட, வயலெல்லாம் சேறாகக் கிடக்கும். அதே மாதத்தில், தெற்கே நாங்குநேரி, இராதாபுரம் பக்கத்து மானாவாரிக் குளங்கள் வெடித்துக் கிடக்கும். அவற்றுக்குத் தண்ணீர் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை வந்தால்தான்.

ஒரே மாதம், ஏறக்குறைய ஒரே வெயில், ஒரே ஆடிக்காற்று. ஓரிடம் ஈரம், ஓரிடம் வறட்சி. பருவம் என்பதையும் ஈரம் என்பதையும் பிரித்துக் காட்டுவதற்கு ஆய்வகத்தில் எத்தனையோ ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும். இங்கே ஆறும் அணையும் அதைச் செய்து வைத்திருக்கின்றன. மாதத்தையோ வெப்பத்தையோ பார்த்துப் பூச்சி நிறம் மாறுகிறது என்றால் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி மாற வேண்டும். ஈரத்தைப் பொறுத்து என்றால் இரண்டும் வேறுவேறாக இருக்க வேண்டும்.

அதற்காக இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுத்தேன். ஒன்று, சேரன்மகாதேவிக்கு அருகே கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் பாயும் வயல் வரப்புகளும் அதை ஒட்டிய வாய்க்கால் ஓரமும். இன்னொன்று, நாங்குநேரிப் பக்கம் ஒரு மானாவாரிக் குளத்தின் உள்வாய் (தண்ணீர் நிற்கும் உட்பரப்பு), மடை, மறுகால் ஓடை (குளம் நிரம்பி வழியும் நீர் ஓடும் பாதை).

பார்த்த முறை

காலை வெயில் ஏறுவதற்கு முன் ஈர விளிம்பை ஒட்டி மெதுவாக நடப்பது, தெறிப்பதைக் கண்ணாடிக் குழாயில் பிடிப்பது, நிழலில் வைத்து வெள்ளைக் காகிதத் துண்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுப்பது, பிடித்த இடத்திலேயே விடுவது. வெள்ளைக் காகிதம் இல்லாமல் நிறம் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. செல்போன் கேமரா ஈர மண்ணுக்கு முன் ஒரு நிறம் காட்டும், காய்ந்த மண்ணுக்கு முன் வேறு நிறம் காட்டும். வெயிலில் ஒன்று, நிழலில் ஒன்று. காகிதத்தின் வெண்மையை வைத்துச் சரிசெய்தால்தான் இரண்டு படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க முடியும்.

ஒவ்வொன்றையும் இரண்டு முறை படம் எடுத்தேன்: பிடித்தபடி ஒருமுறை, இங்க் ஃபில்லரால் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் கழுவி, உலர்ந்த பிறகு ஒருமுறை. இந்த இரண்டாவது படம்தான் முழு ஆய்வின் திசையையும் திருப்பியது.

காகிதத்தில் ஒரு பூச்சி

மாசி மாதம் குளத்தின் உள்வாயில் பிடித்த ஒரு பெண்பூச்சியை எடுத்துக்கொள்வோம். பார்வைக்குச் சுத்தச் சாம்பல். வெடித்த வண்டல் மண்ணின் அதே வெளிறிய நிறம். முதல் சொட்டு விழுந்ததும் தகட்டின் நடுமேட்டில் மட்டும் ஈரம் பரவி ஒரு கோடு கறுத்தது. இரண்டாவது சொட்டில் சாம்பல் கரைந்து குழாயின் அடியில் கலங்கலாக இறங்கியது. கீழே தெரிந்தது செம்பழுப்பு உடல். தோளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் முக்கோணமாக ஒவ்வொரு கறுப்புப் பொட்டு. பின்தொடையில் மங்கலான இரண்டு பட்டை. உலர்ந்த பிறகும் சாம்பல் திரும்பவில்லை. அது பூச்சியின் நிறமே இல்லை, குளத்தின் நிறம். தகட்டின் குழிகளிலும் மயிர்க்கால்களிலும் நுண்ணிய வண்டல் அப்பி, வெயிலில் காய்ந்து, அதன் மேல் ஒரு பூச்சாக நின்றிருக்கிறது.

கோடையை ஒட்டிக் குளத்தில் பிடித்த 'சாம்பல்' பூச்சிகளில் கணிசமானவை இப்படித்தான் இருந்தன. எல்லாம் அப்படியல்ல, கழுவியும் சாம்பலாகவே நின்றவையும் உண்டு. அதேபோல் 'பச்சை' என்று முதலில் குறித்தவற்றில் பல, பாசி அப்பியவை. வெப்பமண்டல மழைக்காடுகளில் வாழும் சில குள்ள வெட்டுக்கிளிகளின் முதுகில் பாசியே வளர்ந்திருப்பது பதிவாகியிருக்கிறது. நம் வயலில் அந்த அளவுக்குப் போகாது. பச்சைப்படலத்தை மேய்ந்து திரிகிற பூச்சி அதையே பூசிக்கொள்கிறது.

இன்னொரு செய்தி: நனைந்த பூச்சி உலர்ந்த பூச்சியைவிடக் கறுப்பாகத் தெரியும், நனைந்த மண் கறுப்பாகத் தெரிவதைப் போலவே. அண்ணாச்சி சொன்ன "தண்ணி வந்தா கறுத்துரும்" என்பதில் ஒரு பங்கு இதுதான். கறுத்தது மேல்பூச்சு, உடல் அல்ல. ஆனால் இது ஒரு பங்குதான். கழுவி உலர்த்திய பிறகும் இடத்துக்கு இடம் வேறுபாடு மிஞ்சி நின்றது.

ஆனி, ஆடி

கால்வாய் வயலில் நாற்று நட்டு, வரப்பின் அண்டையை, அதாவது பக்கச் சரிவை, வெட்டிச் சேறு பூசிய புதிதில் அந்த வரப்பில் குள்ள வெட்டுக்கிளி அனேகமாக இருக்காது. வழவழப்பான புதுச் சேற்றில் மேய எதுவும் இல்லை. கொஞ்ச நாளில் தண்ணீர் தொடும் விளிம்பில் பச்சைப்படலம் கட்டத் தொடங்கும். பொடுதலையும் வல்லாரையும் மறுபடி தலைநீட்டும். அப்போதுதான் வாய்க்கால் ஓரத்திலிருந்து பூச்சிகள் வரப்புக்கு ஏறுகின்றன. இந்தச் சமயத்தில் கழுவிப் பார்த்தாலும் அடர்நிறத்தவைதான் மிகுதி. இளம்பூச்சிகளிலும் அப்படியே.

அதே வாரங்களில் மானாவாரிக் குளத்தின் உள்வாயில் ஒன்றுகூட இல்லை. வெடித்த வண்டலில் தேடுவது வீண். மறுகால் ஓடையிலும் இல்லை. ஆனால் மடைக்கு வெளிப்புறத்தில், கசிவு நீர் பட்டு ஒரு ஆள் படுக்கும் அளவுக்கு ஈரமும் கோரையும் நிற்கிற ஓரிடத்தில் இருந்தன. பம்புசெட் தொட்டி வழிந்து ஓடும் வாய்க்காலோரத்திலும் இருந்தன. அந்த இரண்டு இடங்களிலும் இருந்தவை, கால்வாய் வயலில் இருந்தவற்றைப் போலவே அடர்நிறத்தவை.

இந்த ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். குளமும் காற்றும் வெயிலும் வறண்டு கிடந்த ஜூலையில், அந்தக் குளத்தின் பூச்சிகள் சாம்பலாக இருந்திருக்க வேண்டும், பருவம்தான் நிறத்தைத் தீர்மானிக்கிறது என்றால். அவை கறுப்பாக இருந்தன, ஏனென்றால் அவை நின்ற இடம் ஈரமும் கறுப்புமாக இருந்தது. நாட்காட்டியின் மாதத்தைக் கொண்டு நிறத்தை விளக்க முடியாது. ஈரம் எங்கே இருக்கிறது என்பதைக் கொண்டு பெரும்பகுதியை விளக்க முடிகிறது.

ஐப்பசி முதல் மாசி வரை

குளம் பெருகும்போது பூச்சிகள் பரவுகிற விதம் பார்க்க அருமையானது. முதலில் மடைக் கசிவின் சுற்றுப்புறம், பிறகு கரையின் உட்சரிவு, பிறகு உள்வாயின் புல் விளிம்பு. தண்ணீர் ஏறும் கோட்டோடு அவையும் ஏறுகின்றன. தகடும் சிறகும் நீண்டவை பறந்தும் வருகின்றன. இரவில் தெருவிளக்கின் கீழே இவற்றைப் பார்க்கலாம். கார்த்திகையில் இளம்பூச்சிகள் நிறைந்து, நிறவகைகளும் அதிகமாகக் கிடைப்பது இந்தக் காலத்தில்தான். கறுப்பு, செம்பழுப்பு, சாம்பல், முதுகின் நடுவே வெளிறிய கோடு ஓடுபவை, தோளில் வெள்ளைப் பட்டை கட்டியவை என்று ஒரே கைப்பரப்பில் எல்லாம்.

இதே மாதங்களில்தான் வாலாட்டிக் குருவிகள் வடக்கேயிருந்து வந்து சேர்கின்றன. உப்புக்கொத்திகளும் உள்ளான்களும் சேற்று விளிம்பை அலசுகின்றன. மடையான் அசையாமல் நிற்கும். தவளைக்கும் இது பெருக்கக் காலம். கண்ணால் பார்த்துக் கொத்துகிற இத்தனை பேர் ஒரே விளிம்பில் கூடும்போது பின்னணியோடு கலக்காத நிறம் நீடிப்பது கடினம். நிறம் ஒன்றுதான் காப்பு என்றும் நினைக்க வேண்டாம். ஜப்பானில் கிரியோடெட்டிக்ஸ் என்ற முள் தோள் கொண்ட வகையை ஆராய்ந்தவர்கள், தவளை பிடித்ததும் அது கால்களை விறைத்து நீட்டிச் செத்ததுபோலக் கிடப்பதையும், முள்ளும் காலும் குறுக்கே நிற்பதால் தவளை விழுங்க முடியாமல் துப்பிவிடுவதையும் 2006இல் வெளியிட்டார்கள்.

தை, மாசியில் குளம் பின்வாங்கும். அப்போது உள்வாயில் மூன்று பட்டைகள் தெளிவாகப் பிரிகின்றன. தண்ணீரைத் தொட்டு நிற்கும் கறுத்த சேறு. அதற்குப் பின்னால் பச்சைப்படலமும் அருகம்புல்லும் கலந்த ஈரம். அதற்கும் பின்னால் வெளிறி, வெடிக்கத் தொடங்கிய வண்டல், அதன்மேல் காய்ந்த கோரைத் துணுக்கு. கழுவிப் பார்த்த நிறங்கள் இந்தப் பட்டைகளோடு ஒத்துப்போயின. அடர்நிறத்தவை முதல் பட்டையில் கூடுதல். நடுப்பட்டையில் எல்லாம் கலந்து கிடந்தன. முதுகுக்கோடு உள்ளவையும் வெளிறியவையும் துணுக்குகள் கிடக்கும் மூன்றாம் பட்டையில் கூடுதல். நீளவாட்டில் ஓடும் வெளிறிய கோடு, காய்ந்த புல்லிதழ்களுக்கு நடுவே உடலின் உருவத்தையே இரண்டாக உடைத்துவிடுகிறது. விரலுக்கு அருகே இருப்பதைக்கூடக் கண் தவறவிடுகிறது.

ஒரே நாளில், ஒரே குளத்தில், சில அடி தூரத்தில் இந்த மூன்று பட்டைகளும் இருக்கின்றன. யார் எந்தப் பட்டையில் நடக்கிறாரோ அவருக்கு அந்தப் பட்டையின் நிறம்தான் பருவத்தின் நிறமாகத் தெரியும். ஜூனில் வரப்போரம் நடப்பவர் முதல் பட்டையில் நடக்கிறார். மார்ச்சில் காய்ந்த வயலைக் கடப்பவர் மூன்றாம் பட்டையில் நடக்கிறார்.

பிறவி நிறமா, வளர்ப்பு நிறமா

இந்தக் கேள்வி நூறு ஆண்டுகளுக்கும் மேல் பழையது. அமெரிக்காவின் கான்சாஸில் ராபர்ட் நேபர்ஸ், பாராடெட்டிக்ஸ், அபோடெட்டிக்ஸ் பேரினப் பூச்சிகளைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, முதுகின் வண்ணக்கோலங்கள் மெண்டல் சொன்ன விதிப்படி பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருவதை 1914 முதல் வெளியிட்டு வந்தார். அவர் சேர்த்த தரவுகளை வைத்து, இயற்கையில் எல்லா வண்ண வடிவங்களும் ஒரே அளவில் பிழைப்பதில்லை என்று 1939இல் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் கணக்கிட்டுக் காட்டினார்.

ஸ்வீடனில் ஆண்டர்ஸ் ஃபோர்ஸ்மன் குழு டெட்ரிக்ஸ் சுபுலாட்டா என்ற இனத்தில் செய்த வேலை இன்னும் நேரடியானது. காட்டுத்தீ எரித்த இடங்களில் கறுப்பு வடிவம் தீக்கு அடுத்த ஆண்டில் பாதியளவுக்கு இருந்தது. நான்கு ஆண்டுகளில், புல் மீண்டு கரி மறைந்தபோது, 30 விழுக்காடாக இறங்கியது. 2011இல் வெளியான இந்த முடிவு, கூட்டத்தின் நிறம் சில தலைமுறைகளிலேயே இடத்துக்குத் தக்க நகரும் என்று காட்டுகிறது. கறுப்புக்கு வேறொரு பயனும் உண்டு. அது வெயிலில் விரைவாகச் சூடேறும். குளிர் நாட்டில் அது வரம். பாளையங்கோட்டைக் கோடையில் அது வரமா என்பது வேறு விஷயம்.

எதிர்ப்பக்கச் சாட்சியும் வலுவானது. ஜெர்மனியில் ஆக்செல் ஹோக்கிர்க் குழு 2008இல் இரண்டு டெட்ரிக்ஸ் இனங்களின் இளம்பூச்சிகளை வெவ்வேறு நிறத் தரையில் வளர்த்தது. கறுத்த தரையில் வளர்ந்தவை கறுத்தன. அதாவது அடிப்படை நிறம் வளரும் தரையைப் பொறுத்து நகரக்கூடியது. அதன்மேல் உள்ள கோலம் பெரிதும் பிறவியில் வருவது. இரண்டு வேலைகளையும் சேர்த்துப் படித்தால் முரண்பாடு ஒன்றும் இல்லை. இனத்துக்கு இனம் பங்குகள் வேறுபடும். இரண்டு வழியும் உண்டு.

ஜப்பானில் டெட்ரிக்ஸ் ஜப்போனிக்கா பற்றி 2010இல் வந்த ஆய்வையும் சொல்ல வேண்டும். மணல், புல் ஆகிய பின்னணிகளில் பல வடிவங்களின் படங்களை மனிதர்களுக்குக் காட்டி, தேடிக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். எந்த வடிவம் நன்றாக மறைகிறது என்பது பின்னணிக்குத் தக்க மாறியது. பல பின்னணிகள் அருகருகே இருக்கும் இடத்தில் பல வடிவங்களும் ஏன் நிலைத்திருக்கின்றன என்பதற்கு இது நல்ல விளக்கம். நம் குளத்தின் மூன்று பட்டைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே முக்கியமான ஒரு வரம்பு இருக்கிறது. தரையைப் பார்த்து அடிப்படை நிறம் பெரிதாக நகர்வதற்கு நல்ல வாய்ப்பு தோலுரிக்கும் காலத்தில்தான், அதாவது இளம்பூச்சியாக இருக்கும்போது. வளர்ந்த பூச்சி மேற்கொண்டு தோலுரிப்பதில்லை. கார்த்திகையில் சேற்றோரம் வளர்ந்து முதிர்ந்த பூச்சி, மாசியில் வெளிறிய வண்டலில் நிற்கும்போது அதற்கு எஞ்சிய வழிகள் குறைவு: இடம் பெயர வேண்டும், அல்லது வண்டலைப் பூசிக்கொண்டு நிற்க வேண்டும். இரண்டையும் அது செய்கிறது.

2023 டிசம்பர் வெள்ளம்

டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் தென்மாவட்டத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. தாமிரபரணி கரைபுரண்டது, குளங்கள் உடைந்தன, உயிர்களும் வீடுகளும் போயின. அதன் முன் பூச்சியைப் பற்றிப் பேசுவது சிறிய விஷயம்தான். ஆனாலும் பதிவு செய்ய வேண்டியது.

வெள்ளம் வடிந்த பிறகு ஆற்றோரமும் வாய்க்கால் ஓரமும் பாசி, படலம், புல் எல்லாம் அரித்துப்போய், ஒரே நிறப் புது வண்டல் படிந்து கிடந்தது. அந்த விளிம்புகளில் குள்ள வெட்டுக்கிளிகளைக் காணவில்லை. மறுபடி வந்து சேர்ந்தவற்றில் முதலில் கண்ணில் பட்டவை, தகடும் சிறகும் நீண்ட, பறக்கக்கூடிய வடிவங்கள். குட்டைத் தகட்டுக்காரர்கள் பின்னால்தான் வந்தார்கள், அதுவும் வெள்ளம் தொடாத மேட்டு வரப்புகளுக்கு அருகிலிருந்து தொடங்கி. ஸ்வீடனிலும் குலைந்த இடங்களில் நீண்ட சிறகு வடிவங்கள் கூடுதலாக இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். முதலில் வந்த சிலரின் நிறமே கொஞ்ச காலத்துக்கு அந்த ஓரத்தின் நிறமாக இருந்தது. புது வண்டல் வெளிறியதாக இருந்தும், வந்தவற்றில் அடர்நிறத்தவை பல. பொருத்தம் உடனே வருவதில்லை. யார் வந்து சேர்ந்தார்கள் என்பதும் ஒரு காரணம். இதை வெள்ளம் இல்லாமல் அறிந்திருக்க முடியாது.

மலையும் தேரியும்

பரவல் பற்றி இரண்டு வார்த்தை. மேற்கே களக்காடு முண்டந்துறைப் பக்க ஓடைகளில் ஈரப் பாறையும் பாசியும் ஆண்டு முழுவதும் கிடைக்கும். தண்ணீரில் விழுந்தாலும் நீந்திக் கரையேறும் செலிமெனா வகையினருக்கு ஏற்ற இடம் அது. பின்கால் தட்டையாக விரிந்து துடுப்பாக உதவும். அங்கே பருவ நிற மாற்றம் என்று சொல்லுமளவுக்கு எதுவும் என் கண்ணில் படவில்லை. பின்னணி மாறாத இடத்தில் அது இயல்புதான். கிழக்கே திசையன்விளைப் பக்கம் தேரி எனப்படும் செம்மணல் மேடுகளில் இவற்றைத் தேடக் கூடாது. மழைக்குப் பின் தண்ணீர் தங்கும் பள்ளங்களின் ஓரத்தில் தேட வேண்டும், அங்கே செம்பழுப்புக்காரர்கள் எளிதில் கிடைப்பார்கள். மலைக்கும் தேரிக்கும் நடுவே உள்ள வயலும் குளமும்தான் நிறக் கதை நடக்கிற இடம்.

தீர்ப்பு

இந்த இரண்டு இடங்களிலும் பார்த்ததை வைத்து நான் உறுதியாகச் சொல்வது: பருவத்துக்குப் பருவம் தெரிகிற நிறமாற்றத்தில் பெரும்பங்கு, பூச்சி நிற்கும் இடம் மாறுவதால் வருவது. ஈர விளிம்பு நகர்கிறது, பூச்சி அதோடு நகர்கிறது, ஒவ்வொரு பட்டையும் தனக்கேற்ற வடிவத்தைக் கூடுதலாக வைத்துக்கொள்கிறது. அடுத்த பங்கு மேலே ஒட்டும் வண்டலும் பாசியும் ஈரமும். இளம்பூச்சி தரையைப் பார்த்து அடர்நிறம் கொள்வதும், பறவையும் தவளையும் கழித்துக்கட்டுவதும் இதற்கு அடியில் நடந்துகொண்டிருக்கும் என்று நம்புகிறேன். அவற்றைத் தனியே அளப்பதற்கு வளர்த்துத்தான் பார்க்க வேண்டும். வளர்ந்த ஒரு பூச்சி மாதத்தோடு மாதமாகக் கறுப்பிலிருந்து சாம்பலுக்கு மாறுகிறது என்பதற்கு மட்டும் ஒரு ஆதாரமும் கிடைக்கவில்லை. ஆகவே நிறத்தைக் குறிப்பவர்கள் இடத்தையும் குறிக்க வேண்டும்: தண்ணீர் விளிம்பிலிருந்து எத்தனை அடி, மண் ஈரமா உலர்ந்ததா, பக்கத்தில் பாசியா, துணுக்கா, வெறும் வண்டலா. இவை இல்லாத நிறப்பட்டியல் பயன்படாது. கழுவாத பூச்சியின் படத்தையும் நிறத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கோடைக்காலம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கேதான் எனக்குக் கவலை. சித்திரை, வைகாசியில் மானாவாரிக் குளத்தின் முழுக் கூட்டமும் மடைக் கசிவு, கிணற்றடி, பம்புசெட் வாய்க்கால் என்று சில கையகல ஈரத்துக்குள் ஒடுங்கிவிடுகிறது. கரம்பை (குளத்து வண்டல் மண்) அள்ளிய குழிகளில் கடைசித் தண்ணீர் தேங்கும். ஆனால் ஜேசிபி வெட்டிய செங்குத்துச் சுவரில் படலம் பிடிப்பதில்லை, அங்கே இவற்றைக் காண்பது அரிது. அடுத்த கார்த்திகையில் குளம் முழுவதும் பரவப் போகும் கறுப்பும் செம்பழுப்பும் கோடும் பட்டையும் அந்தக் கையகல ஈரத்தில்தான் கோடையைத் தாண்டுகின்றன. நான் பார்த்து வந்த குளத்தில் மடையைப் புதுப்பித்தபோது கசிவையும் அடைத்து, வெளிப்புறத்தில் சில கெஜம் தூரம் கான்கிரீட் தளம் போட்டுவிட்டார்கள். மடை ஒழுகக் கூடாது என்பது நியாயம்தான், அது விவசாயிகளின் தண்ணீர். அதே வேலையில் தளத்துக்குக் கீழே ஒரு முழ அகலத்துக்கு மண் வாய்க்காலை விட்டு, மடை திறக்கும்போது படும் ஈரம் நிற்கவிட்டால் போதும். கோரையும் படலமும் தானே பிடித்துக்கொள்ளும். கால்வாய் வயல்களில் வரப்புக்குக் களைக்கொல்லி அடிப்பவர்கள் வாய்க்காலைத் தொடும் ஒரு பக்கத்தை மட்டுமாவது அரிவாளால் அறுத்துக்கொண்டால், மருந்து படாத அந்த ஒரு பக்கத்திலிருந்து கார் பருவத்தில் மற்ற வரப்புகளுக்குப் பூச்சி ஏறிவிடுகிறது. இதை இரண்டு வயல்களில் அருகருகே பார்த்திருக்கிறேன்.